புராணப் படங்களின் ஊர்திகளும் விலங்குகளும்: அவற்றின் உருவம் எங்கிருந்து வர வேண்டும்?

ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

2022 அக்டோபரில் அயோத்தியில் வெளியான, இராமாயணத்தைத் தழுவிய 'ஆதிபுருஷ்' படத்தின் முன்னோட்டத்தில், இராவணன் வௌவாலைப் போன்ற ஒரு பெரும் பறக்கும் விலங்கின் மேல் ஏறி வந்த காட்சி கிளப்பிய சர்ச்சை பலருக்கும் நினைவிருக்கும். 2023 ஜனவரியில் வரவேண்டிய படம் ஜூன் 16-க்குத் தள்ளிப்போனது. அன்று ஒரு சாரார் மத உணர்வு புண்பட்டதாகச் சொன்னார்கள். மறு சாரார் கணினி வரைகலை தரமில்லை என்றார்கள். என்னை உறுத்திய கேள்வி இரண்டிலும் இல்லை. அந்த உருவத்தை வரைந்தவர் எதைப் படித்துவிட்டு, எதைப் பார்த்துவிட்டு வரைந்தார் என்பதே என் கேள்வி.

சீதையைக் கவர்ந்து சென்ற ஊர்தி புஷ்பக விமானம் என்றுதான் நாட்காட்டிப் படங்களும் தொலைக்காட்சியும் நம் மனத்தில் பதிய வைத்திருக்கின்றன. வால்மீகியின் ஆரணிய காண்டத்தைத் திறந்தால் அங்கே இருப்பது கழுதைகள் பூட்டிய, பொன்னாலான, வானில் செல்லும் தேர். மாரீசனைத் தேடிப் போகும்போது இராவணன் ஏறிச் செல்லும் தேரின் கழுதைகளுக்குப் பேய் முகம் என்று கவி வெளிப்படையாகவே சொல்கிறார். பேய்முகக் கழுதைகள் இழுக்க, பொன் தகடு மின்ன, மேகத்துக்கு மேலே ஓடும் ஒரு தேரை எண்ணிப் பாருங்கள். அச்சமும் அருவருப்பும் செல்வச் செருக்கும் ஒரே உருவத்தில் கூடி வருகின்றன. இதை விட்டுவிட்டு எந்த நாட்டுக் கற்பனைக் கதையிலும் பொருந்தக்கூடிய ஒரு வௌவாலை நாடிப் போனதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

கம்பன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். அவனுடைய இராவணன் சீதையைத் தீண்டுவதில்லை. பர்ணசாலை நிற்கும் நிலத்தையே ஒரு யோசனை (பழைய தொலைவு அளவு) ஆழத்துக்குப் பெயர்த்துத் தேரின் மேல் வைக்கிறான். மண்ணும் வேரும் ஓலைக் குடிலும் அப்படியே இருக்க, அத்தனையையும் சுமந்து எழும் ஒரு தேர்! தமிழில் படம் எடுக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய காட்சி வாய்ப்பு வேறு என்ன வேண்டும்? இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் கோயிற்கலை அறிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பச்சைத்திரை

நான் அசைவூட்டத் துறையில் இருப்பவன். தொழில் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பறக்கும் விலங்கு ஒன்று திரையில் நம்பும்படி இல்லையென்றால், பெரும்பாலும் குறை தோலின் பளபளப்பிலோ மயிரின் நுணுக்கத்திலோ இருப்பதில்லை, எடையில் இருக்கிறது. பார்வையாளருக்கு விலங்கியல் தெரியாவிட்டாலும், கனமான பொருள் எப்படி நகரும் என்பது கண்ணுக்குத் தெரியும். அங்கேதான் நாம் பிடிபடுகிறோம்.

கணக்காகவே பார்க்கலாம். இமயமலைக் கழுகின் சிறகு விரிவு ஏறத்தாழ 3 மீட்டர், எடை சுமார் 10 கிலோ. அதே வடிவத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் சிறகின் பரப்பு 100 மடங்கும் உடலின் எடை 1,000 மடங்கும் கூடும். 30 மீட்டர் சிறகு விரித்த ஜடாயு 10 டன் எடை இருப்பான்; சிறகின் ஒவ்வொரு சதுர அடியும் முன்பைவிடப் பத்து மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். இயற்பியல்படி அவன் எழவே முடியாது என்பது வேறு விஷயம். காவியத்தில் அவன் எழுகிறான், அதை ஏற்றுக்கொண்டுதான் நாம் வேலையைத் தொடங்குகிறோம். ஆனால் எழும்போது அவன் புறாவைப்போலச் சிறகைப் படபடவென்று அடித்தால் 30 மீட்டர் பறவை மூன்று அடிப் பறவையாகச் சுருங்கிவிடும். ஒரு வீச்சுக்கு இரண்டு மூன்று விநாடிகள் எடுக்க வேண்டும். கீழ்வீச்சில் சிறகின் நுனி இறகுகள் மேல்நோக்கி வளைய வேண்டும். கீழ்வீச்சு காற்றை அழுத்தும்போதுதான் உடல் மேலெழ வேண்டும். அதற்கு முன்னால் எழுந்தால் பொய்.

இராவணன் ஏறிய அந்த விலங்குக்கு வருகிறேன். வௌவாலின் சிறகு என்பது நீண்ட விரல்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய தோல். அந்தத் தோல் தோளிலிருந்து விலாவை ஒட்டிக் கால்வரை ஓடுகிறது. அப்படிப்பட்ட உடலின் முதுகில் ஓர் ஆளை நிறுத்தினால் அவன் பாதம் எங்கே ஊன்றும், தோள் எலும்பு சுழலும்போது அவன் எப்படி நிலைகுலையாமல் இருப்பான் என்ற கேள்விகளுக்கு, கணினி மாதிரியை உருவாக்குவதற்கு முன்னால், பென்சில் கட்டத்திலேயே விடை கண்டிருக்க வேண்டும். நம் ஊர்ப் படங்களில் இந்தக் கட்டத்துக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. நாயகனின் முகம் எந்தக் கோணத்தில் தெரிய வேண்டும் என்பது முதலில் முடிவாகிறது. அவனைச் சுமக்கும் உடல் அதற்குப் பிறகுதான் பிறக்கிறது.

கரிக்கோல்

பச்சைத்திரை எழுப்பிய 'பாதம் எங்கே ஊன்றும்' என்ற கேள்விக்கு நம் கோயில் வாகனங்களைச் செய்த தச்சர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பெருமாள் கோயில் கருட வாகனத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். மனித உடல், வளைந்த மூக்கு, முதுகில் சிறகு, மண்டியிட்ட நிலை, முன்னே நீட்டிய இரண்டு உள்ளங்கைகள். அந்தக் கைகள் அழகுக்காக நீட்டப்பட்டவை அல்ல, மேலே எழுந்தருளும் மூர்த்தியின் திருவடியைத் தாங்க நீண்டவை. வாகனத்தின் தோரணையே ஏறுபவரை முன்வைத்து அமைந்திருக்கிறது. கீழே பலகை, பலகைக்கு அடியில் தண்டு, தண்டைத் தோளில் தாங்கும் ஆட்கள் என்று எடை தரைக்கு இறங்கும் வழியும் கண்முன்னே தெரிகிறது. ஆட்கள் நடக்கும்போது கருடன் இலேசாக அசைந்து முன்னேறுவதை, மரத்தால் செய்தது என்று அறிந்தும் மெய்சிலிர்த்துப் பார்க்கிறோம்.

சிவன் கோயில்களில் புருஷாமிருக வாகனம் உண்டு. மனித முகமும் சிங்க உடலும் கொண்டது. கயிலையைத் தூக்கும் இராவணனே வாகனமாக வரும் கோயில்களும் உண்டு. அந்த இராவணனின் பத்துத் தலைகளையும் தச்சர் எப்படி அடுக்குகிறார் என்று கவனியுங்கள். மேலே இருக்கும் பாரத்தை அந்தத் தலைகள் உணர்வதுபோல் இருக்கும். 'ஆதிபுருஷ்' படத்தில் ஐந்து தலைக்கு மேல் ஐந்து தலையாக அடுக்கியபோது, அந்தத் தலைகளை ஒரு கழுத்தோடு இணைக்கும் தசை எங்கே என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது.

யாளியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், பின்னங்காலில் எழுந்து நிற்கும் நிலை. இப்படி ஒரு விலங்கு உலகத்தில் இல்லை. ஆனாலும் விஜயநகர, நாயக்கர் கால மண்டபத் தூண்களில் அதைக் காணும்போது இப்படி ஒன்று இருக்க முடியாது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதன் மார்பு எலும்பும் தொடைத் தசையும் தோளின் திருப்பமும் ஒன்றோடொன்று உடன்படுகின்றன. வாய்க்குள் உருளும் கல்லுருண்டையைக் கையால் தள்ளிப் பார்க்கலாம், வெளியே எடுக்க முடியாது. உள்ளே வெற்றிடமும் நாக்கும் பல்வரிசையும் கொண்ட உண்மையான வாய் அது. தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இரண்டு விலங்குகளின் உடலையும் கரைத்துக் குடித்தவனால்தான் அப்படி ஒரு கோட்டை வரைய முடியும். இந்தச் செல்வம் பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கும்போது, கலை இயக்கக் குழுக்கள் இணையத்தில் கிடைக்கும் அயல்நாட்டு அரக்கப் படங்களைத் தொகுத்து ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நெடும்பயணி

மூவருக்கும் வணக்கம். நான் மாறுபடுகிறேன். நீங்கள் சொல்வதை அப்படியே பின்பற்றினால் திரைப்படம் ஏட்டுக்கும் கல்லுக்கும் உரை எழுதும் வேலையாகிவிடும்.

1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கதை வியாசபாரதத்தில் இல்லை. திறப்பவர் மனம் விரும்புவதைக் காட்டும் பிரியதரிசினிப் பேழையும் படத்துக்காக அமைத்ததுதான். ஆனாலும் நம் புராணப் படங்களின் உச்சம் எது என்று கேட்டால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். இயக்குநர் கே.வி. ரெட்டியும் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியும் எந்தச் சுவடியைப் பார்த்து, கடோற்கசனாக நடித்த எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகளைத் தாமாகப் பறந்துபோக வைத்தார்கள்?

தூய மரபு என்று ஒன்றைச் சுட்டவும் முடியாது. ரவிவர்மாவின் ஜடாயு நம் எல்லோருடைய மனத்திலும் நிற்கும் ஜடாயு. அதை வரைந்த எண்ணெய்ச் சாயமும் ஒளிநிழல் முறையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. திரையில் தேவர்கள் அணியும் மகுடமும் பின்னால் தொங்கும் ஓவியத் திரையும் நாடகக் கம்பெனிகள் தந்தவை. 1919-இல் 'காளிய மர்த்தனம்' எடுத்த பால்கேயும், கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு நூலில் பொருள்களைப் பறக்கவிட்டு 'காலா தாகா' (கறுப்பு நூல்) என்றே பெயர் வாங்கிய பாபுபாய் மிஸ்திரியும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் மாயம் செய்தார்கள். இன்றைய இளைஞர் உலகப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய கற்பனையில் அவையும் கலந்துதான் வரும். அதில் குற்றம் காண்பது நியாயமில்லை.

ஏட்டுச்சுவடி

நெடும்பயணி அவர்களுக்கு, கலப்பு குற்றம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் காட்டிய 'மாயா பஜார்' என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. கடோற்கசன் அரக்கன், பெருந்தீனிக்காரன், மாயம் வல்லவன், ஆனால் தீயவனல்லன். லட்டு தானாக வந்து வாயில் விழுவது இந்த நான்கையும் ஒரே அசைவில் காட்டிவிடுகிறது. பேழையும் அப்படித்தான். நகைப்பெட்டி அளவிலான ஓர் எளிய பொருள். அதன் வேலை காதலர் முகத்தைக் காட்டுவது. அதற்கு மேல் ஓர் அலங்காரமும் அதில் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. எந்த உருவமானாலும் அது என்ன செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்பதிலிருந்து பிறக்க வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். காவியம் அந்த விவரங்களை நம் கையில் கொடுத்திருக்கும்போது அதைப் படிக்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழிலேயே இதற்கு ஓர் உயர்ந்த சான்று உண்டு. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறி. தன் அரசுக்கு ஆபத்து நெருங்குவதை உணர்ந்த மன்னன் சச்சந்தன், கருவுற்றிருக்கும் தன் மனைவி விசயையைக் காப்பாற்ற ஒரு பறக்கும் மயிலைச் செய்விக்கிறான். திருத்தக்கதேவர் அதன் மூலப்பொருள்களையே பட்டியலிடுகிறார்: துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் வேலை முடிகிறது. பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்துகொண்டு எழும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து அமரும். விசயை அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பின்னர் அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது அவள் தனியாகவே அதில் ஏறித் தப்புகிறாள். அது கடைசியில் சுடுகாட்டில் இறங்க, சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

கலை இயக்குநர் ஒருவர் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் இதில் விடை இருக்கிறது. மூலப்பொருள் தெரிகிறது, இயக்கும் முறை தெரிகிறது, ஏறுபவர் நிறைகர்ப்பிணி என்பதால் இருக்கை எப்படி அமைய வேண்டும் என்பது தெரிகிறது, ஓர் ஆளைச் சுமக்கும் அளவுதான் என்பதும் தெரிகிறது. துணியும் மெழுகும் என்பதால் அது மெலியது, தீப்பற்றக்கூடியது, காற்றில் நடுங்கக்கூடியது. அவளுடைய ஆபத்து முழுவதும் அந்த மூலப்பொருளிலேயே இருக்கிறது. உலோகத் தகடு போர்த்திய, கண்ணில் ஒளி வீசும் ஒரு மயிலைச் செய்து அதில் அவளை ஏற்றினால் அந்த நடுக்கம் போய்விடும்.

பெருங்கதை என்னும் காப்பியத்தின் எந்திர யானையையும் இங்கே சொல்லியாக வேண்டும். உதயணன் யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் அரசன். அவனைச் சிறைப்பிடிக்கப் பகையரசன் பிரச்சோதனன் ஒரு பொய் யானையைச் செய்வித்து, வீரர்களை மறைத்துக் காட்டில் நிறுத்துகிறான். நாட்டிலேயே யானையை நன்கறிந்தவனின் கண்ணை ஏமாற்ற வேண்டிய பொம்மை அது. இந்தக் காட்சியைப் படமாக்க வரும் குழுவுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது.

பச்சைத்திரை

மயிற்பொறியைப் பற்றிப் படித்ததிலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. மூன்று நான்கு கோட்டோவியங்கள் போட்டுவிட்டேன். துணிச் சிறகு என்றால் அசைவூட்டத்தின் கணக்கே மாறிவிடுகிறது. இறகுள்ள சிறகில் காற்று இறகிடுக்குகளில் வழிந்து போகும். அரக்குப் பூசிய துணியில் காற்று அடைபட்டுப் பாய்போல உப்பும். வீச்சு முடியும் இடத்தில் துணி ஒரு கணம் தளர்ந்து மடங்கி மறுபடி விறைக்கும். அந்தத் தளர்வு ஒவ்வொன்றும் பார்ப்பவரின் வயிற்றைக் கலக்கும். தோகையை விரித்தபடி பறக்கவிடக் கூடாது. பறக்கும் மயிலின் தோகை பின்னால் நீண்டு தொங்கும். விரித்த தோகை ஆடுவதற்கு, பறப்பதற்கில்லை. இந்தச் சிறு விஷயத்தைக்கூடப் பல படங்களில் தவறவிடுகிறார்கள்.

அண்மைக்காலப் படங்களில் எனக்கு நிறைவளித்த சிலவற்றையும் சொல்கிறேன். 'பாகுபலி' படங்களில் பல்லாளதேவனின் தேருக்கு முன்னால் சுழலும் வாள் அலகுகள் இருக்கின்றன. அந்த அலகுகளைப் பார்த்தவுடன் அந்தத் தேர் யாருடையது, அவன் எதிரிலிருப்பவரை எப்படி மதிக்கிறான் என்பது விளங்கிவிடுகிறது. கலை இயக்குநர் சாபு சிரிலின் குழு உண்மையாகவே நிறுத்தி ஓட்டக்கூடிய பொருளாக அதைக் கட்டியது. அதனால் மண் தெறிப்பதும் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுவதும் தாமாகவே கிடைத்தன. 2017-இல் வந்த இரண்டாம் பாகத்தின் அன்னக் கப்பல் பாய்களைச் சிறகாக விரித்து வானில் எழுவதை, பாடலின் கனவு நிலைக்குள் வைத்ததால் நான் ஏற்றுக்கொள்கிறேன். அதே கப்பல் போர்க்களத்துக்குப் பறந்து வந்திருந்தால் ஏற்றிருக்க மாட்டேன்.

2024-இல் வந்த 'கல்கி 2898 ஏடி' படத்தின் புஜ்ஜி ஊர்தியைக் கட்டுவதில் மஹிந்திராவோடு கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் பங்கேற்றது. ஏறத்தாழ 6 டன் எடை, முன்னால் இரண்டு பெருஞ்சக்கரங்கள், பின்னால் ஒற்றைச் சக்கரம். அது வருங்காலத்து வண்டி, புராண ஊர்தி அன்று. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. உண்மையில் ஓடும் ஒரு பொருள் கையில் இருந்தால் அது திரும்பும்போது எப்படிச் சாய்கிறது, நிற்கும்போது எப்படிக் குலுங்குகிறது என்பதெல்லாம் கணினிக் குழுவுக்கு அளந்தெடுத்த உண்மையாகக் கிடைத்துவிடுகிறது. புஷ்பக விமானத்துக்கு இப்படிப் பாதி அளவிலாவது ஒரு தளத்தை யாராவது கட்டிப் பார்க்க வேண்டும்.

நெடும்பயணி

சரி, புஷ்பகத்துக்கே வருவோம். அதுதான் எல்லாப் படங்களிலும் தோற்கும் ஊர்தி. பறக்கும் சிம்மாசனம், சிறகு முளைத்த தேர், கோபுரம் வைத்த படகு என்று பல விதமாகப் பார்த்துவிட்டோம். காவியம் என்ன சொல்கிறது என்று கேட்டால், ஏறுபவரின் மனம்போல் செல்லும், எத்தனை பேர் ஏறினாலும் இடம் இருக்கும் என்கிறார்கள். மனம்போல் செல்லும் ஊர்திக்குச் சக்கரம் எதற்கு, சிறகு எதற்கு, பொறி எதற்கு? உங்கள் 'வேலையிலிருந்து உருவம்' என்ற அளவுகோல் இங்கே எப்படிப் பொருந்தும்?

கரிக்கோல்

இந்தக் கேள்விக்கு நான் முயல்கிறேன். சுந்தர காண்டத்தில் அனுமன் இலங்கையில் புஷ்பகத்தைக் காணும் இடத்தைப் படியுங்கள். அதன் வேகத்தைவிட அதன் மேனியில் செதுக்கியவற்றைத்தான் கவி நின்று நிதானமாகச் சொல்கிறார். வைடூரியத்தாலும் வெள்ளியாலும் பவளத்தாலும் செய்த பறவைகள், மணிகளாலான பாம்புகள், குதிரைகள், தாமரை ஏந்திய யானைகளின் நடுவே திருமகள். விசுவகர்மா பிரமனுக்காகச் செய்தது. குபேரனிடம் போய், அவனிடமிருந்து இராவணன் பறித்தது. இத்தனை பெரிய செல்வம் ஒருவனுடைய ஊரில் அவனுக்கு உரிமையில்லாமல் நிற்கிறது என்பதே அந்த வருணனையின் உட்பொருள் என்று நான் கொள்கிறேன்.

ஆகவே அதற்குப் பொறி வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதைப் பறக்கும் மாளிகையாக வரைய வேண்டும். கீழிருந்து மேல்வரை சுதைச் சிற்பம் நிறைந்த நம் கோயில் விமானங்களைப்போல, கண் ஓய்வெடுக்க இடமில்லாத செறிவோடு வரைய வேண்டும். அசைவு என்று ஒன்று வேண்டுமானால் அந்தச் செதுக்கிய பறவைகளுக்குக் கொடுங்கள். இராவணனிடம் இருக்கும்வரை அவை வெறும் மணியும் வெள்ளியுமாக அசையாமல் இருக்கட்டும். யுத்த காண்டத்தின் முடிவில் இராமன் ஏறும்போது அன்னங்கள் பூட்டிய விமானம் என்கிறார் கவி. அங்கே அவை உயிர்பெற்றுச் சிறகு விரிக்கட்டும். ஊர்தி ஒன்றுதான், ஏறியவர் மாறியதால் அதன் இயல்பு மாறிவிட்டது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடலாம். வானரர்கள் கூட்டமாக ஏறும்போது இடம் போதுவதைக் காட்ட, விமானம் உப்பிப் பெரிதாக வேண்டியதில்லை. உள்ளே ஒரு மண்டபத்துக்குப் பின் இன்னொரு மண்டபம் திறந்துகொண்டே போனால் போதும்.

ஜடாயுவைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்தின் சடையமங்கலத்தில் பாறையின் மேல் ராஜீவ் அஞ்சல் அமைத்த ஜடாயு 200 அடி நீளமும் 150 அடி அகலமும் 70 அடி உயரமும் கொண்டது. சிறகு வெட்டுண்டு மல்லாந்து விழுந்து, நகங்கள் வானத்தைப் பார்க்கக் கிடக்கிறான். அதை அமைத்தவர் திரைப்பட இயக்குநரும்கூட. வீரத்தோடு பறக்கும் நிலையை விட்டுவிட்டு விழுந்த நிலையைத் தேர்ந்தெடுத்ததால், இவன் கிழவன், தோற்றவன், ஆனாலும் போரிட்டவன் என்பது முழுவதும் அந்த உடலில் இறங்கியிருக்கிறது. கழுத்தில் சதை தொங்கும் முதிய கழுகாக ஜடாயுவை வடிக்கத் திரைக்கலைஞர்கள் தயங்குகிறார்கள். பெரும்பாலும் பொன்னிறப் பருந்தாக, இளமைக் கட்டோடு படைத்துவிடுகிறார்கள். கிழட்டுக் கழுகு இளைய அரக்கனை எதிர்க்கிறது என்ற அவலம் அதோடு காணாமல் போகிறது.

பச்சைத்திரை

கரிக்கோல் சொன்ன முதிய கழுகு, அசைவூட்டத்துக்கு மிக வசதியானதும்கூட. கழுகுகள் இயல்பிலேயே சிறகடிப்பைக் குறைத்து, வெப்பக் காற்றில் வட்டமிட்டு எழுபவை. எனவே ஜடாயு மெதுவாக வட்டமிட்டு உயரம் சேர்த்து, பின்பு சிறகை மடக்கித் தேர்மேல் பாய்வதாக வைத்தால் அவன் வயதும் எடையும் போர்முறையும் ஒருசேர வந்துவிடும். பாய்ந்த பிறகு மறுபடி உயரம் சேர்க்க அவன் படும் பாட்டைக் காட்டுவதற்காகவே ஒரு முழுக் காட்சித் துண்டை ஒதுக்குவேன்.

ஏட்டுச்சுவடி முதலில் குறிப்பிட்ட கம்பனின் காட்சியை நான் எடுப்பதாக இருந்தால், நிலம் பெயரும் கணத்தை வானத்திலிருந்து காட்ட மாட்டேன். குடிலின் உள்ளே, சீதையின் பக்கத்திலேயே ஒளிப்படக் கருவி இருக்கும். முதலில் பானையில் உள்ள நீர் சாயும். பிறகு வாசலில் தெரியும் மரங்கள் கீழே இறங்கும். வெளியே வந்தபின் தேரின் அச்சு அந்தப் பாரத்தில் வளைவதையும், அறுபட்ட வேர்களிலிருந்து மண் உதிர்ந்துகொண்டே போவதையும் காட்டலாம். மண் உதிர்வதைக் கணினியில் உருவாக்க ஆகும் நேரம் மிகுதி என்பதால் தயாரிப்புத் தரப்பு முதலில் வெட்டச் சொல்வதும் அதைத்தான். அதற்குப் பதிலாகக் கழுதைகளின் எண்ணிக்கையை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள், பின்னணி மலைகளை வரைந்த திரையாகவே விட்டுவிடுங்கள், ஆனால் உதிரும் மண்ணை விடாதீர்கள் என்றுதான் நான் வாதாடுவேன்.